குளிர்காலத்தில் பிரசவம்: சிறு குடும்பப் பண்ணையை ஆயத்தப்படுத்த முழுமையான வழிகாட்டி

உறைபனி விழும் பகுதிகளில் சிறு பண்ணை நடத்தும் குடும்பங்கள் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் செய்யும் வேலைகள் ஏறக்குறைய ஒன்றேதான்: விறகு, தீவனம், தண்ணீர்க் குழாய், புகைபோக்கி, உணவுச் சேமிப்பு. அந்தக் குளிர்காலத்திலேயே வீட்டில் ஒரு குழந்தையும் பிறக்கவிருக்கிறது என்றால் வேலைகளின் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை; அவற்றை முடிக்க வேண்டிய நாளும், யார் செய்வது என்பதும், எவற்றை அறவே கைவிடுவது என்பதும்தான் மாறுகின்றன. வழக்கமாக இரண்டு பெரியவர்கள் பகிர்ந்து செய்யும் வேலையைப் பல வாரங்களுக்கு ஒருவர் மட்டுமே, அதுவும் சரியான தூக்கமின்றிச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வோர் ஏற்பாட்டையும் இரண்டு கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கையால் இதைச் செய்ய முடியுமா? உங்கள் பண்ணையை முன்பின் பார்த்திராத ஒருவரால் இதைச் செய்ய முடியுமா? இரண்டுக்கும் ‘முடியாது’ என்பதே விடை என்றால், அந்த வேலையை எளிதாக்க வேண்டும். எளிதாக்க முடியாவிட்டால் இந்த ஆண்டுக்கு விட்டுவிட வேண்டும்.

1. நாட்களைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

மருத்துவர் குறித்துக் கொடுக்கும் பிரசவ நாள் என்பது கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டிக் கிடைப்பது. அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் சிலவே. 37ஆம் வாரம் முதல் 42ஆம் வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் பிரசவம் நிகழலாம் என்றே திட்டமிட வேண்டும். எனவே பண்ணை வேலைகளுக்கான இறுதி நாளை 36ஆம் வாரத்தின் முடிவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் முதல் உறைபனி வழக்கமாக விழும் நாளையும் அதன் அருகில் குறித்து, இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் எல்லா வேலையும் முடிய வேண்டும் என்று கொள்ளுங்கள். உடல் உழைப்பு மிகுந்தவற்றை இன்னும் முன்னதாக, கருவுற்ற நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்களில் முடிப்பது நல்லது. பலருக்குக் குமட்டல் அடங்கி, வயிறு இன்னும் பெரிதாகாமல், ஓரளவு தெம்பு இருக்கும் காலம் அதுதான். அந்த மாதங்களிலும் பளு தூக்குவதும் ஏணியில் ஏறுவதும் மற்றவர்கள் வேலை.

இதே தாளில் கால்நடைகளின் சினைக் காலத்தையும் எழுதிவிடுங்கள். வெள்ளாட்டுக்குச் சுமார் 150 நாட்கள், செம்மறிக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, பசுவுக்குச் சுமார் 283 நாட்கள். இலையுதிர் காலத்தில் கிடாயை மந்தையோடு விட்டுவைத்தால், குளிர்காலக் கடைசியில், கைக்குழந்தை இரவெல்லாம் விழித்திருக்கும் அதே வாரங்களில், கொட்டிலிலும் குட்டிகள் ஈன்றுகொண்டிருக்கும். கிடாயை உடனே பிரித்துக் கட்டி, இனச்சேர்க்கையை இரண்டு மூன்று மாதங்கள் தள்ளிப் போடலாம். இந்த ஆண்டு குட்டியே வேண்டாம் என்று முடிவெடுப்பது அதைவிட நல்லது. இது வேலைப் பளுவைப் பற்றிய முடிவு மட்டுமன்று என்பது மூன்றாம் படியில் தெளிவாகும்.

2. மந்தையைக் குறையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டுமே செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதையே செய்யுங்கள் என்பேன். குளிர்காலம் முழுவதும் தீனி போட்டுப் பராமரிக்க வேண்டிய ஒவ்வொரு விலங்கும் நாள்தோறும் தண்ணீரும் தீவனமும் சாணம் அள்ளுதலும் கேட்கும். வயதான கோழிகள், தேவைக்கு மிஞ்சிய சேவல்கள், இரண்டாவது கிடா ஆகியவற்றை இலையுதிர் காலத்திலேயே விற்கவோ, உறவினரிடம் விடவோ, உணவாக்கிக்கொள்ளவோ செய்யலாம். கறவை ஆட்டை முன்னதாகவே பால் வற்றச் செய்துவிட்டால், நாளுக்கு இரண்டு முறை தவறாமல் கறக்க வேண்டிய கட்டாயம் நீங்குகிறது. பகல் குறையும்போது கோழிகள் தாமாகவே முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும். விளக்குப் போட்டு அவற்றை இடவைக்க இந்த ஆண்டு முயலாதீர்கள்.

எஞ்சியவற்றுக்குத் தீவனத்தைக் கணக்கிட்டு வாங்குங்கள். ஆட்டுக்கு நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் சுமார் 3 விழுக்காடு உலர்தீவனம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஆடு சுமார் 1.8 கிலோ உலர்புல் தின்னும். மிதித்து வீணாக்குவதையும் சேர்த்து 2 கிலோ என்று வைத்தால், ஐந்து மாதக் குளிர்காலத்துக்கு ஓர் ஆட்டுக்கு 300 கிலோ ஆகிறது. இதோடு ஒரு மாதத் தீவனத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு கட்டிய புல்கட்டுகள் உள்ளுக்குள் சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆகவே வாங்கும்போது கட்டின் நடுவில் கைவிட்டு வெப்பமும் ஈரமும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். குளிர் கடுமையாகும் இரவுகளில் ஆடு மாடுகளுக்குத் தானியத்தைவிட உலர்புல்லைக் கூடுதலாகப் போடுவதே பயன் தரும். நார்ச்சத்து இரைப்பையில் நொதிக்கும்போது எழும் வெப்பம் அவற்றின் உடலைச் சூடாக வைக்கிறது.

கொட்டிலையும் கோழிக்கூட்டையும் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. விலங்குகளுக்குத் தீங்கு செய்வது உலர்ந்த குளிரைவிட ஈரமே. மூச்சிலிருந்தும் சாணத்திலிருந்தும் எழும் ஈரம் வெளியேறாவிட்டால் கோழிகளின் கொண்டைகள் உறைந்து புண்ணாகும், ஆடுகளுக்கு நுரையீரல் நோய் வரும். விலங்குகள் படுக்கும் உயரத்தில் காற்று வீசாதபடி அடைத்து, கூரையை ஒட்டி மேலே திறப்பு விடுங்கள். வெப்ப விளக்கைத் தொங்கவிடாதீர்கள். அது கழன்று விழுந்து வைக்கோலில் பற்றி எரிந்த கொட்டில்கள் ஏராளம், நள்ளிரவில் ஓடித் தீயணைக்கும் நிலையில் இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டில் யாரும் இருக்கப்போவதில்லை.

கடைசியாக, கொட்டில் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். எந்த விலங்குக்கு எந்தப் பாத்திரத்தால் எத்தனை அளவு, தண்ணீர் எங்கிருந்து, எந்தக் கதவை எப்போது சாத்துவது, நோயுற்றால் அழைக்க வேண்டிய கால்நடை மருத்துவரின் எண் என எல்லாவற்றையும் அதில் எழுதி, பக்கத்து வீட்டாரை ஒரு நாள் அழைத்து அந்தத் தாளை மட்டும் பார்த்து வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் விடுபட்ட ஒரு வரி.

3. கர்ப்பிணி தொடக்கூடாத வேலைகள்

பண்ணையில் வளர்ந்த பெண்கள் இந்தப் பகுதியைப் பெரிதுபடுத்துவதாக நினைக்கலாம். ஆனால் இந்த வேலைகளால் வரும் தொற்றுகளில் பல தாயை லேசான காய்ச்சலோடு விட்டுவிட்டு, கருவையே தாக்கக்கூடியவை. ஈனும் ஆடுகளின் நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், இரத்தம் ஆகியவற்றின் வழியாகக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமிகள் பரவுகின்றன. கியூ காய்ச்சல், கிளமிடியா, டாக்சோபிளாஸ்மா, லிஸ்டீரியா ஆகிய நான்கும் இதில் அடங்கும். ஆகவே ஈனும் கொட்டிலுக்குள் கர்ப்பிணி நுழையவே கூடாது. கருச்சிதைந்த ஆட்டையோ, புதிதாகப் பிறந்த குட்டியையோ, அவற்றைக் கையாண்டவரின் துணியையோ, காலணியையோ தொடக்கூடாது. கொட்டிலில் வேலை செய்தவர் வெளியிலேயே மேலாடையைக் களைந்து, கை கழுவிவிட்டு வீட்டுக்குள் வரட்டும். அந்தத் துணியையும் அவரே துவைக்கட்டும்.

பூனையின் மலத்தட்டைச் சுத்தம் செய்வதும் வேறொருவர் பொறுப்பு. நாள்தோறும் செய்தால் டாக்சோபிளாஸ்மா தொற்றும் நிலையை அடைவதற்குள் அகற்றப்பட்டுவிடும். பூனைகள் தோட்ட மண்ணிலும் மலம் கழிக்கும் என்பதால், இலையுதிர்காலத் தோட்ட வேலையைக் கையுறையோடு செய்து, காய்கறிகளை நன்றாகக் கழுவ வேண்டும். காய்ச்சாத பாலும் அதில் செய்த மென்மையான பாலாடைக்கட்டியும் பிரசவம் வரை வேண்டாம்.

குளிர் தொடங்கியதும் எலிகள் வீட்டையும் தீவன அறையையும் நாடும். எலிப் புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்கினால் அதிலுள்ள வைரசுகள் தூசியோடு காற்றில் கலக்கும். அறையை அரை மணி நேரம் திறந்து வைத்து, ஒரு பங்கு பிளீச்சை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தாளால் துடைத்தெடுக்க வேண்டும். இதையும் கர்ப்பிணி அல்லாதவர் செய்யட்டும். குழந்தைக்காக ஓர் அறையைப் புதுப்பிக்கும் ஆவலில் பழைய வீட்டின் சாயத்தைத் தேய்த்து உரிக்கும் வேலையும் இந்தப் பட்டியலில் சேர்கிறது. அந்தச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும், அதன் தூசி கருவுக்கும் கைக்குழந்தைக்கும் தீங்கானது. அறை பழைய நிறத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

4. விறகும் வெப்பமும்

விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மரத்தின் வகையைப் பொறுத்து இதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும் என்பதால், கோடையின் முடிவில் வெட்டிய பச்சை மரம் இந்தக் குளிர்காலத்துக்கு உதவாது. ஈரமானியின் முனைகளைப் புதிதாகப் பிளந்த பக்கத்தில் குத்திப் பாருங்கள்; வெளிப்பக்கத்தில் காட்டும் எண் ஏமாற்றும். போதிய உலர்ந்த விறகு இல்லை என்று தெரிந்தால், அதை இப்போதே விலைக்கு வாங்கிவிடுவது நல்லது. ஈரவிறகு குறைவாகச் சூடு தரும், நிறையப் புகையும். அந்தப் புகை புகைபோக்கியின் உட்சுவரில் தார் போன்று படிந்து, ஒரு நாள் புகைபோக்கியே தீப்பற்ற வழி செய்யும். முதல் நெருப்பை மூட்டுவதற்கு முன் புகைபோக்கியைத் தேர்ந்தவரைக் கொண்டு சுத்தம் செய்து, விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விறகைத் தரையில் படாமல் அடுக்கி, மேற்பகுதியை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வையுங்கள். இந்த ஆண்டு வழக்கத்தைவிடச் சிறியதாகப் பிளப்பது நல்லது. ஒற்றைக் கையால் எடுக்கக்கூடிய துண்டுகளாக, குறைந்தது ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு கதவை ஒட்டிய தாழ்வாரத்தில் இருக்க வேண்டும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தரையை விட்டு விலக்கி வையுங்கள். அணைந்துவிட்டதாகத் தோன்றும் கங்கு சாம்பலுக்குள் பல நாட்கள் உயிரோடிருக்கும்.

கார்பன் மோனாக்சைடைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விறகு அடுப்பு, எரிவாயு அடுப்பு, ஜெனரேட்டர் என எரியும் எதிலிருந்தும் வெளிப்படும் இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. கருவின் இரத்தம் தாயின் இரத்தத்தைவிட இதை இறுகப் பற்றிக்கொள்கிறது, மெதுவாகவே விடுகிறது. எனவே தாய் லேசான தலைவலியோடு தப்பினாலும் கரு கடுமையாகப் பாதிக்கப்படலாம். இதன் முதல் அறிகுறிகளான தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், சோர்வு ஆகியவை கர்ப்பகாலத்தில் இயல்பாகவே வரக்கூடியவை என்பதால், கர்ப்பிணி அவற்றைப் பொருட்படுத்தாமல் படுத்துவிடுவாள். ஆகவே வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு அருகிலும், மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அது ஒலித்தாலோ, வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தாலோ, காரணம் தேடாமல் அனைவரும் வெளியேறி, அவசர உதவியை அழைத்து, கர்ப்பிணி என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் மட்டுமே இயக்க வேண்டும். கதவு திறந்திருக்கும் கொட்டகையும் திறந்த வெளி ஆகாது.

மின்சாரம் இன்றி இயங்கும் வெப்ப ஏற்பாடு ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும். மின்தடை நீண்டால் எல்லாரும் ஒரே அறையில் தங்கும்படி, கதவுகளை மூடிச் சூட்டைக் காக்கக்கூடிய அறையை இப்போதே தேர்ந்தெடுங்கள். அடுப்பைச் சுற்றித் தடுப்பு வேலி போட வேண்டும் என்று சிலர் அவசரப்படுவார்கள். பிறந்த குழந்தை தவழப் பல மாதங்கள் ஆகும். மூத்த குழந்தை வீட்டில் இல்லையென்றால் இந்த வேலை அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.

5. தண்ணீர்

கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடும்பம் பிரசவத்துக்கு முன் அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். உரமும் சாணமும் ஊறிய நிலத்தடி நீரில் நைட்ரேட் சேர்ந்திருக்கலாம். பெரியவர்களுக்குத் தொல்லை தராத அளவுகூட, பால்மாவைக் கலந்து புட்டியில் குடிக்கும் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிசன் ஏந்தும் ஆற்றலைக் குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யும். உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டை வரம்பாக வைத்திருக்கிறது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். தாய்ப்பால் மட்டுமே தரப்போகிறோம் என்று உறுதியாக இருப்பவர்களும் சோதித்துவிடுவது நல்லது, ஏனெனில் திட்டம் மாறும் நாளில் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க நேரம் இருக்காது.

வெளிக்குழாய்களை வடித்து, தோட்டத்துக் குழாய்களைக் கழற்றி, வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்களுக்கு உறை போடுங்கள். முதன்மை வால்வு எங்கே என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் ஒரு வாரத்துக்குக் குடிநீரைச் சேமித்து, பாலூட்டும் தாய்க்கு இன்னும் கூடுதலாக வையுங்கள். விலங்குகளின் நீர்த்தொட்டி உறையாமல் இருக்க மின்வெப்பத் தொட்டி வாங்குவது, இந்தக் குளிர்காலத்தில் பணம் செலவழிக்கத் தகுந்த சில பொருள்களில் ஒன்று. நாளுக்கு மூன்று முறை வெந்நீர் வாளியோடு பனிக்கட்டியில் நடப்பதை அது தவிர்க்கிறது.

6. உணவுச் சேமிப்பு

எல்லாக் காய்களையும் புட்டியில் அடைக்க முயலாதீர்கள். கிழங்குகளையும் வெங்காயத்தையும் பூசணியையும் பச்சையாகவே வைக்கலாம். உருளைக்கிழங்கு இருட்டில், 4 முதல் 7 டிகிரி செல்சியசில். கேரட்டும் பீட்ரூட்டும் ஈர மணலில், உறைநிலைக்குச் சற்று மேலே. வெங்காயமும் பூண்டும் உலர்ந்த குளிரில். பூசணி 10 முதல் 13 டிகிரியில், உலர்ந்த இடத்தில். ஆப்பிளிலிருந்து எழும் எத்திலீன் வாயு உருளைக்கிழங்கை முளைக்க வைக்கும் என்பதால் இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

புட்டியில் அடைப்பதாக இருந்தால், பீன்ஸ், சோளம், இறைச்சி போன்ற அமிலம் குறைந்த உணவுகளுக்கு அழுத்தக் கலனே வேண்டும். கொதிநீரின் 100 டிகிரி, பொட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகளைக் கொல்லாது; சுமார் 116 டிகிரியோ அதற்கு மேலோ எட்ட வேண்டும். நிறைமாதத்தில் அந்தக் கலனைத் தூக்குவது நல்லதன்று. அதைவிட, வழக்கமாகச் சமைக்கும் உணவையே இரட்டிப்பாகச் செய்து, பாதியை உறைபெட்டியில் வைப்பதே சிறந்த சேமிப்பு. நிறைந்த உறைபெட்டி மூடியே இருந்தால் மின்சாரம் போய் ஏறக்குறைய 48 மணி நேரம் வரையும், பாதி நிறைந்தது 24 மணி நேரம் வரையும் குளிரைக் காக்கும். சேமித்த தேனை ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் துளிகூடத் தரக்கூடாது. காரணம் அதே பொட்டுலினம் வித்துகள்.

7. குழந்தை உறங்கும் இடம்

குளிருக்கு அஞ்சிக் குழந்தையைப் போர்வைகளால் மூடிவிடுவது இயல்பான உந்துதல், ஆனால் ஆபத்தானது. அறையின் வெப்பநிலை 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அங்கே ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். குழந்தையை மல்லாந்த நிலையில், உறுதியான சமதளப் படுக்கையில், தலையணையும் தளர்ந்த போர்வையும் இன்றி, பெற்றோரின் அறையிலேயே உறங்கவைக்க வேண்டும். சூட்டுக்கு, அணிந்துகொள்ளும் உறக்கப் பை போதும். அடுப்புக்கு அருகிலோ, வெந்நீர்ப் பையோடோ, மின்போர்வையின் மேலோ கிடத்தாதீர்கள். துணிகளைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். உறவினர்கள் தேவைக்கு மேல் கொண்டுவருவார்கள்.

8. சாலையும் பிரசவ நாளும்

மருத்துவமனைக்குச் செல்லும் வழி பனியில் அடைபட்டால் என்ன செய்வது என்பதை 36ஆம் வாரத்துக்குள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். வழி நெடியதாகவும், பனியை அகற்றும் வண்டி தாமதமாக வருவதாகவும் இருந்தால், கடைசி வாரங்களில் மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்குவதே நல்லது. பண்ணையை விட்டுப் போக மனம் வராதவர்களுக்கு இரண்டாம் படியில் சொன்ன தாள் இங்கே உதவும். வண்டியில் எரிபொருள் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும்; கம்பளி, மண்வெட்டி, மணல், கைவிளக்கு ஆகியவற்றோடு குழந்தை இருக்கையையும் முன்னதாகவே பொருத்திவிடுங்கள். நடைபாதையில் மணலோ சாம்பலோ தூவி, காலணிக்கு முள்தகடு மாட்டுங்கள். பிற்பகுதி மாதங்களில் வழுக்கி விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து விலகுவது உடனே வெளியே தெரியாமல் போகலாம். இரத்தக்கசிவு, நீர் வழிதல், குழந்தையின் அசைவு குறைதல், பார்வை மங்கலோடு கடுந்தலைவலி, காய்ச்சல் ஆகிய எதுவும் பனி நிற்கட்டும் என்று காத்திருக்கத் தகுந்தது அன்று.

உதவி வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டால், அவசர எண்ணில் இருப்பவரின் சொற்படி நடங்கள். குழந்தையை உடனே துடைத்து உலர்த்தி, தாயின் வெற்று மார்பில் கிடத்தி, தலைக்குக் குல்லாய் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை இழுக்கவோ வெட்டவோ கூடாது. சுத்தமான துவாலைகள் நிறைந்த பை ஒன்று படுக்கையறையில் தயாராக இருந்தால், இந்த நேரத்தில் அலமாரியைத் துழாவ வேண்டியதில்லை.

9. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள்

கர்ப்பகாலத்திலேயே தாய் போட்டுக்கொள்ளும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் கக்குவான் இருமல் தடுப்பூசியும் பிறந்த குழந்தைக்குப் பாதுகாப்பைக் கடத்துகின்றன; வீட்டிலுள்ள மற்றவர்களும் போட்டுக்கொள்வதோடு, இருமலோடு வரும் விருந்தினரை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது. முதல் குளியலை 24 மணி நேரத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் அழைத்து வரும்போது தடித்த மேலாடையோடு இருக்கைப் பட்டையை மாட்டினால் பட்டை தளர்ந்து நிற்கும். மெல்லிய உடையில் பட்டையை இறுக்கிவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்துங்கள். அறுவைச் சிகிச்சையில் பிரசவித்த தாய் முதல் ஆறு வாரங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பதால், தண்ணீர் வாளி, விறகுக் கூடை, தீவன மூட்டை மூன்றையும் அந்தக் காலம் முழுவதும் யார் தூக்குவார் என்பதை, பிரசவத்துக்கு முன்பே பெயர் குறித்து எழுதி, அவரிடம் சொல்லியும் வைத்துவிடுங்கள்.